ஓசூரில் 'இனிவரும் உலகம்'

பெரியாரின் 'இனிவரும் உலகம்' என்னும் சிறு நூலைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பாராட்டாத ஏடு இல்லை. ஆனால், பேசுவோர் பலரும் பேசுவது ஒன்றையேதான். "காணீர்! 1940-களிலேயே கூறிவிட்டார், கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்குமென்று! இதோ கைப்பேசி! குழாயிலே கரு உருவாகும் என்றார், உருவாகிவிட்டது!" கைதட்டல் எழுகிறது, மாலை விழுகிறது, நன்றியுரையுடன் கூட்டம் இனிது முடிகிறது.

கைதட்டலில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். சொன்னது பலித்ததா என்று மட்டும் பார்ப்பது, வைத்தீசுவரன் கோயில் தெருவில் ஏட்டுச்சுவடிக்காரன் எதிரே அமர்ந்திருப்பவனின் பார்வையல்லவா? சோதிடத்தைச் சுக்குநூறாக்கியவரின் நூலைச் சோதிட நூலாகப் படிப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகுமா? பலித்தவற்றை எண்ணி மகிழ்வோர் பலிக்காததை எண்ணிப் பார்ப்பதில்லை. நூலின் உயிரோ அந்தப் பலிக்காத பாதியிலேதான் இருக்கிறது.

எது அந்தப் பாதி? இயந்திரம் பெருகப் பெருக மனிதன் பாடுபட வேண்டிய நேரம் குறையும். இழிவென்று சிலர் தலையில் சுமத்தப்பட்ட வேலைகளை இயந்திரம் ஏற்கும். ஓய்வு என்பது ஒரு சிலரின் பிறப்புரிமையாக இராமல் எல்லோருக்கும் கிட்டும். தனி உடைமை ஒழிந்து, பணத்துக்கே வேலை இல்லாமற் போகும். இதுவே நூலின் நெஞ்சம். கருவிகள் பற்றிய பகுதி அதன் சட்டை. புராணிகர் காட்டிய பொன்னுலகிலும் கேட்டது கிடைக்கும். கற்பகத்தரு உண்டு, காமதேனு உண்டு. ஆனால், செத்த பிறகு! பெரியார் காட்டிய உலகிலே கற்பகத்தரு நின்ற இடத்தில் இயந்திரம் நிற்கிறது. அதை ஆண்டவன் அருளவில்லை, மனிதன் ஆக்கினான். பயனும் இம்மண்ணிலே, உயிரோடு இருக்கும்போதே. நடையும் அதற்கேற்ற நடைதான். அணியலங்காரம் தேடாமல், சந்தையில் கணக்குக் கேட்கும் வணிகரின் குரலில், இத்தனை இயந்திரம் வந்தபின்னும் இத்தனை பேர் இத்தனை நேரம் ஏன் பாடுபடவேண்டும் என்று வழக்காடும் போக்கை அந்நூலில் காண்கிறோம்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1930-இல், இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் கெயின்சு, நம் பேரப்பிள்ளைகளின் பொருளாதார வாய்ப்பு குறித்து ஒரு கட்டுரை தீட்டினார். நூறாண்டு கழித்து வாரத்துக்கு 15 மணி நேர உழைப்பே போதுமானதாகிவிடும் என்பது அவர் கணிப்பு. அவர் குறித்த 2030 கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. 15 மணி நேர வாரம் கண்ணுக்கெட்டும் தொலைவிலும் இல்லை. கேம்பிரிட்ஜ்க்காரரும் ஈரோட்டுக்காரரும் ஒரே கனவைக் கண்டனரே என்று வியப்போருக்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுவோம். மூலதனம் வட்டிமேல் வட்டியாய் வளர்ந்தால் ஓய்வு தானே வந்துசேரும் என்று நம்பினார் கெயின்சு. உடைமை பொதுவானாலொழிய வாராது என்ற இடத்தில் நின்றார் பெரியார். எவர் கருத்து நிற்கும், எவர் கருத்து சாயும்? உரைத்துப் பார்க்க உரைகல் வேண்டும். அதற்காகக் கடல் கடக்க வேண்டாம். ஓசூர் வரை சென்றால் போதும்.

கருநாடக எல்லையை ஒட்டிக் கிடக்கும் மேட்டு நிலம் அது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த பூமி. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒலிக்கும் ஊர். 2004 வரை, பின்தங்கியதெனப் பெயரெடுத்த தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலை. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாநகராட்சி. 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்ட் லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் அம்மண்ணில் உருவாகலாயின. ஏர் பிடித்த கைகள் திருகு முடுக்கக் கற்றன. இயந்திரம் சோறு போட்ட ஊர் ஓசூர். அதை மறைத்துப் பேசுவது நமக்கு உடன்பாடன்று.

"பழைய வேலை போகும், புதிய வேலை வரும், கவலை எதற்கு?" என்று இன்று ஆறுதல் கூறுவோர் உளரல்லவா? அவர்களுக்குச் சான்று வேண்டுமானால் அதையும் ஓசூரே தரும். 1961-இல் பெங்களூரில் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம்; நாட்டின் மணிக்கட்டையெல்லாம் அதுவே ஆண்டது. 1984-இல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக அமைத்த டைட்டன் நிறுவனம் ஓசூரில் ஆலை கண்டது. மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் நுட்பத்தைக் கைக்கொண்டது. சுற்றுவட்டச் சிற்றூர்களின் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்றி நுண்தொழிலாளராக்கிற்று. அங்கே வளர்ந்தது, இங்கே தேய்ந்தது. 2016 சனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இரண்டு ஊர்களுக்கும் இடைவெளி 40 கிலோமீட்டர் சொச்சம்! புதிய வேலை பிறந்தது உண்மை. வேலை இழந்தவனுக்கே அது பிறந்ததா? பெங்களூரில் ஐம்பது வயதில் வீடு திரும்பியவனுக்கு, ஓசூரில் இருபது வயதுப் பிள்ளை வேலை பெற்றான் என்ற செய்தி அடுப்பெரிக்கப் பயன்படுமா? நாட்டுக் கணக்கில் கூட்டலும் கழித்தலும் நேராகிவிடும். வீட்டுக் கணக்கில் ஆகாது. ஆறுதல் கூறுவோர் எப்போதும் நாட்டுக் கணக்கையே நம்மிடம் நீட்டுகின்றனர்.

இனி, இன்றைய கதை. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். பெயரைக் கேட்டதுமே கைகூப்பும் கூட்டம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. பூசாரி வேறு, பூசை வேறு. நாம் பழைய பகுத்தறிவுக் கேள்வியையே கேட்போம்: அது என்ன செய்கிறது, யாருக்காகச் செய்கிறது?

2020 டிசம்பரில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 2,400 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை, போச்சம்பள்ளியருகே 500 ஏக்கர். ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி, இரண்டு நொடிக்கு ஒன்று என்று பறைசாற்றினர். செயற்கை நுண்ணறிவால் இயங்கும் ஆயிரக்கணக்கான இயந்திரக் கைகள் இருக்குமென்றனர். 2021 செப்டம்பரில், 10,000 பெண்களே நடத்தும் ஆலையாக அது விளங்கும் என்றும் அறிவித்தனர். பெண்ணுரிமை பேசும் நமக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? 2024-25 நிதியாண்டில் வாடிக்கையாளர் கைக்குச் சென்ற வண்டிகளோ ஏறத்தாழ 3.6 இலட்சம். 2025 மார்ச்சில், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீக்கப்படுகின்றனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. கொள்முதல், வாடிக்கையாளர் தொடர்பு, வண்டி ஒப்படைப்பு போன்ற பல பிரிவுகளில் ஆள்குறைப்பு. முன்னணிப் பணிகளைத் தானியங்கி முறைக்கு மாற்றியதால் செலவு குறைந்தது, மிகையான பணியிடங்கள் நீங்கின என்பது நிறுவனத்தின் விளக்கம்.

இவ்விளக்கத்தை அப்படியே விழுங்க நாம் அணியமாக இல்லை. நிறுவனம் நட்டத்தில் நடந்துகொண்டிருந்த காலம் அது, விற்பனையும் தளர்ந்திருந்தது. ஆளைத் தள்ளியது இயந்திரமா, நட்டமா? சில திங்கள் கழித்து, 2025 சூலையில், நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியரில் 2 விழுக்காட்டினரை, 12,000 பேருக்கு மேல், நீக்கப்போவதாக அறிவித்தது. அதன் தலைவர் கூறியதென்ன? இது செயற்கை நுண்ணறிவால் வந்ததன்று, திறன் பொருந்தாமையால் வந்தது என்றார்! இயந்திரத்தால்தான் என்கிறது ஒரு நிறுவனம். இயந்திரத்தாலன்று என்கிறது மற்றொன்று. பங்குச் சந்தைக்கு எந்த முகம் அழகாய்த் தோன்றுமோ அந்த முகம் காட்டப்படுகிறது. நாடோறும் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிச் சாவடி கடந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் இளைஞனுக்கு, எந்தக் காரணத்தால் அடையாள அட்டை பறிபோகிறது என்பதா பெரிது?

ஓலாவின் செய்தியில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இயந்திரம் என்றால் கருமான் பட்டறையின் வியர்வையை நீக்குவது என்று எண்ணிய காலம் போயிற்று. இப்போது அது தொலைபேசியில் முறையீடு கேட்பவர், கணக்கெழுதுபவர், கடிதம் தீட்டுபவர் ஆகியோரின் நாற்காலிகளையும் நாடுகிறது. குறைகூறத் தொலைபேசியில் அழைத்தால் உடலில்லாக் குரல் ஒன்று பேசுகிறது. அசரீரி புராணத்தில் மட்டுமே உண்டென்று நகைத்தோம் நாம்! இழிந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்து அறிவு வேலையை மனிதனுக்கு வைக்கலாம் என்றிருந்த எண்ணத்தை இந்நாள் தலைகீழாக்கியிருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் இன்னமும் மனிதனை இறக்குகிறோம். கடிதம் எழுத இயந்திரத்தை அமர்த்துகிறோம்.

ஆலைக்குள்ளே நடப்பதோ இதைவிட நுட்பமானது. உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் கண்பரிசோதனை என்றொரு வேலை உண்டு. வெள்ளை விளக்கின் கீழே அமர்ந்து, வார்ப்பிலே கீறல் உண்டா, ஊசித்துளை உண்டா, முலாம் மங்கியதா என்று துண்டு துண்டாகத் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒருபுறமும் தள்ளுபடியை மறுபுறமும் வைப்பர். பெரும்பாலும் பெண்களே. ஈராண்டு மூவாண்டு பழகினால்தான் கண் தேறும். விரல் பட்டதுமே சொல்லிவிடுவோர் உண்டு. இந்த இடத்துக்கு இப்போது நுண்ணறிவுப் படக்கருவி வருகிறது. வந்த நாளிலேயே அதற்கு ஒன்றும் தெரியாது. இது கீறல், இது கீறலன்று, இது வெறும் எண்ணெய்க்கறை என்று ஆயிரமாயிரம் படங்களைக் காட்டி அதற்குக் கற்பிக்க வேண்டும். கற்பிப்பது யார்? அந்தப் பெண்ணின் தீர்ப்பே பாடம். அவள் தள்ளியவையும் கொண்டவையுமே பாடநூல். பல ஆண்டு சேர்த்த பார்வை சில வாரங்களில் இயந்திரத்துக்குள் குடியேறிவிடுகிறது. குருதட்சிணையாக ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்ட கதையை எத்தனை மேடைகளில் சாடியிருக்கிறோம்! இங்கோ ஆசிரியையிடமே விரல் கேட்கப்படுகிறது. கற்பித்ததற்குத் தனிக் கூலி இல்லை. அந்தப் படத்தொகுதி ஆலையின் சொத்து; சில வேளை மென்பொருள் விற்றவரின் சொத்து. அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

2024-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான தாரோன் அசெமோக்லு, அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இந்த நுண்ணறிவால் மொத்த ஆக்கத்திறன் பத்தாண்டில் கூடக்கூடியது 0.66 விழுக்காட்டுக்கு மேற்படாது என்று கணக்கிட்டார். சைமன் ஜான்சனுடன் 2023-இல் எழுதிய நூலில் அவர் வற்புறுத்துவதும் நம் கருத்துக்கு நெருங்கியதே: விளைச்சலைப் பெரிதும் பெருக்காமல் ஆளை மட்டும் அகற்றும் இயந்திரங்கள் உண்டு, எந்த வகை இயந்திரம் செய்வது என்பதை ஆண்டவனோ அறிவியலோ முடிவு செய்வதில்லை, அதிகாரம் உள்ளவர் முடிவு செய்கின்றனர். அவர் கணக்கு மிகக் குறைவு என்று மறுப்போரும் உளர், வழக்கு முடியவில்லை. ஆனால் வான்மழை போல் வளம் பொழியும் என்ற விளம்பரத்துக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள்.

முதலாளிகள் எல்லோரும் ஒரே தட்டில் நிற்கின்றனர் என்றும் எண்ணவேண்டாம். ஓசூரில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் உள்ளன. நாலைந்து கடைசல் எந்திரம், பத்துப் பதினைந்து ஆள், பெரிய ஆலை தரும் வேலை ஆணை. பெரிய ஆலை, பழுதில்லாத் துண்டு மட்டுமே வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பதிவு வேண்டும் என்கிறது. படக்கருவியும் மென்பொருளும் வாங்க இலட்சங்கள் வேண்டும். வங்கிக் கடன் ஏற்கெனவே கழுத்துவரை. வாங்க இயலாதவர் ஆணையை இழப்பார். வாங்கியவர் கடனடைக்க ஆளைக் குறைப்பார். இதற்கிடையே மின்வண்டி வந்து, பெட்ரோல் எஞ்சினுக்குரிய பல பாகங்களையே தேவையற்றதாக்குகிறது. அந்தப் பட்டறைக்காரரை முதலாளி என்பதா, மோட்டார் வைத்துக்கொண்ட தொழிலாளி என்பதா?

சரி, நேரம் என்னவாயிற்று? நூலின் நெஞ்சம் அதுதானே! கணக்கெடுப்போம். பெரியார் அதைப் பேசிய நாளில் நடைமுறையிலிருந்த 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுதும் நடக்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி என்றது. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது கொணர்ந்த திருத்தத்தால், 1946-இல், அது 48 ஆயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் 48 என்றது. பிறகு? மின்சாரம் பரவிற்று, தானியங்கிக் கடைசல் வந்தது, கணினி வந்தது, இயந்திரக் கை வந்தது, நுண்ணறிவும் வந்தது. சட்டத்தில் இன்றும் அதே 48! ஒரு மணி குறையவில்லை. குறையாதது மட்டுமா? 2023 பிப்ரவரியில் எல்லைக்கு அப்பால் கருநாடகம், நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க இடந்தரும் திருத்தத்தை நிறைவேற்றிற்று. ஏப்ரல் 21-இல் எல்லைக்கு இப்பால், பெரியார் வழி பேசும் ஆட்சியின் சட்டமன்றத்திலேயே, அதே வகைத் திருத்தம் நிறைவேறிற்று! வாரத்துக்கு 48 மாறாதே, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்று விளக்கம் வந்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, மே முதல் நாளன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய 1923-க்குச் சரியாக நூறாண்டு கழித்து! திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறோம், கொண்டுவந்ததை மறக்கமாட்டோம்.

இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. 54 மணி 48 ஆனது புதிய இயந்திரம் வந்ததால் அன்று, சட்டம் வந்ததால். 12 மணி நின்றுபோனது இயந்திரத்தின் இரக்கத்தால் அன்று, எதிர்ப்பால். இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தும், ஐயமில்லை. மிச்சமான நேரத்தை யார் பெட்டியில் போடுவது என்பதை அது சொல்வதில்லை. கெயின்சின் நம்பிக்கை இங்கே சாய்கிறது.

பெரியார் நூல் முழுமையாக நிற்கிறதா என்றால், அங்கும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பொதுவுடைமை உலகின் வாயிலைத் திறந்து காட்டுகிறது நூல். அந்த வாயில் வரை செல்லும் வழியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. இன்று ஒப்பந்தக்காரரின் பேரேட்டில் பெயர் உள்ளவன், நாளை பணமில்லாத உலகுக்கு எந்தப் படியேறிச் செல்வான்? அந்த இடைவெளியில்தான் 1953-இல் அண்ணா கைத்தறித் துணியைச் சுமந்து திருச்சித் தெருக்களில் விற்றார். இயந்திரத்தைப் போற்றிய இயக்கம் கைத்தறியைத் தூக்கியதே, முரண்பாடல்லவா என்று அன்றே கேலி பேசினர். முரண்பாடன்று. வருங்காலத்தைக் காட்டி நிகழ்காலத்து நெசவாளியைப் பட்டினி போட இசையாத உள்ளம் அது. நூலில் எழுதப்படாத இயலை அந்தத் தெருக்கள் எழுதின.

"புதுத்திறன் கற்றுக்கொள்ளட்டுமே!" என்பது அறிவுரையாளரின் கடைசிப் படைக்கலம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராசாசி, 1953-இல், அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் தந்தை தொழில் என்ற திட்டம் கொணர்ந்தார். எதிர்ப்பு மூண்டு 1954-இல் அது வீழ்ந்தது. தந்தை தொழிலே மகனுக்கு நிலைக்கும் என்றெண்ணிய திட்டம்! இன்றோ தந்தை தொழில் தந்தைக்கே ஓய்வு வயது வரை நிலைக்கவில்லை. கற்கட்டும், மகிழ்ச்சியே. பன்னிரண்டு மணி வேலைக்கு ஏங்கும் ஆலையில், எந்த நேரத்தில் கற்பது? யார் செலவில்? கற்கும் மாதங்களில் வீட்டு வாடகை யார் கொடுப்பது? பெங்களூரின் நெருக்கடி வழிந்து ஓசூரின் வாடகையை ஏற்றியிருக்கிறதே!

படி ஒன்று ஏற்கெனவே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஒரு வரி: ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய வகையில் இயந்திரத்தையோ தொழில் முறையையோ சீர்திருத்தப் புகும் முதலாளி, 21 நாள் முன்னதாகத் தொழிலாளருக்கு அறிவிப்புத் தரவேண்டும். செயற்கை நுண்ணறிவு ஆலைக்குள் நுழையாத காலத்து வரி. இன்றைக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்வகை அறிவிப்பு தொடர்கிறது. ஆனால் அதே தொகுப்பு, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெறவேண்டிய வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்த்திவிட்டது. குறித்த காலப் பணியாளரின் காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பே அன்று என்கிறது. நாட்டின் ஆலைத் தொழிலாளரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஒப்பந்தக்காரர் வழி வந்தவர்கள். அவர்களுக்கு ஆலை முதலாளி அறிவிப்பு நீட்டப்போவதில்லை. வரி இருக்கிறது, வரிக்குள் வருவோர் குறைந்துகொண்டே போகின்றனர். அறிவிப்பு அவர்களையும் எட்டவேண்டும். படக்கருவிக்குப் பாடம் சொன்னவளுக்கு அப்பாடத்தில் பங்கு வேண்டும். மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி வாரத்தின் 48-லிருந்து கழியவேண்டும். இம்மூன்றையும் கேட்கும் சங்கம் ஓசூரில் எந்தக் கொடியின் கீழ் எழுந்தாலும் நாம் வரவேற்போம்.

அதுவரை, 'இனிவரும் உலகம்' பற்றி அடுத்த கூட்டம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசிப் பக்கத்தோடு நிறுத்தாமல் உழைப்பு நேரம் பற்றிய பக்கங்களைப் படியுங்கள். அவற்றின் கருத்தையும் அட்டவணையின் அந்த வரியையும் ஒரே தாளில் அச்சிட்டு, ஷிப்டு மாறும் நேரத்தில் சிப்காட் வாயில்களில் கொடுங்கள். தமிழில் மட்டும் போதாது, கன்னடத்திலும் தெலுங்கிலும் வேண்டும், இந்தியிலும் வேண்டும். இந்தியிலுமா என்று புருவம் உயர்த்துவோருக்குச் சொல்வோம்: நாம் எதிர்த்தது திணிப்பை. ஜார்க்கண்டிலிருந்து வந்து, ஓசூரின் விடுதியொன்றில் பத்துப் பேரோடு தங்கி, கைப்பேசி உறைக்கு மெருகேற்றும் பெண்ணுக்கு அந்த 21 நாளைப் பற்றி அவளுக்குப் புரியும் மொழியில்தானே சொல்லவேண்டும்!